தோலைக் கொண்டு தேகப் பிரகிருதியை அறிதல்: ஆயுர்வேத முறையில் ஒரு முழுமையான வழிகாட்டி

தோல் வறண்டிருந்தால் வாத உடம்பு, சிவந்து எரிந்தால் பித்த உடம்பு, எண்ணெய் வழிந்தால் கப உடம்பு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடும் பழக்கம் இன்று பரவலாக உள்ளது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் நடத்திய பிரகிருதிப் பரிசோதனை இயக்கத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கைப்பேசிச் செயலியின் வழியாகத் தங்கள் உடலமைப்பை அறிந்துகொண்டனர். ஆர்வம் பெருகியிருப்பது நல்லதுதான். ஆனால், கண்ணாடியில் இன்று தெரியும் தோல், பிறவியில் அமைந்த தோலாகவே இருக்கும் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான கணிப்புகள் தடம் மாறுகின்றன. கருவிலேயே அமைவது பிரகிருதி. வயது, பருவம், உணவு, நோய் ஆகியவற்றால் பின்னர் ஏற்படுவது விகிருதி. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வாங்கும் எந்தத் தைலமும் குருட்டாம்போக்கில் வாங்கியதாகவே இருக்கும். பிரித்தறியும் முறையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தைலமும் பொடியும் அதற்குப் பிறகே வருகின்றன.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

தோலை வெறும் போர்வையாக ஆயுர்வேதம் கருதவில்லை. கொதிக்கும் பாலின் மேல் ஆடை படிவதுபோல, கரு வளரும்போது தோலின் அடுக்குகள் உருவாகின்றன என்று ஆயுர்வேத மூல நூல்களில் ஒன்றான சுசுருத சங்கிதையில், உடலமைப்பைச் சொல்லும் பகுதியான சாரீர ஸ்தானம் கூறுகிறது. அது ஏழு அடுக்குகளை எண்ணி, ஒவ்வொன்றின் தடிப்பையும் நெல்மணியை அளவுகோலாகக் கொண்டு சொல்கிறது. மேலே இருக்கும் அவபாசினி நெல்லின் தடிப்பில் 1/18 பங்கு, அடுத்த லோகிதை 1/16, சுவேதை 1/12, தாம்ரை 1/8, வேதினி 1/5, ரோகிணி ஒரு நெல், அடியில் உள்ள மாம்சதரை இரண்டு நெல். இந்த அளவு சதைப்பற்றுள்ள இடங்களுக்குத்தான் பொருந்தும், நெற்றிக்கும் விரல்களுக்கும் பொருந்தாது என்றும் அந்நூல் உடனே சேர்த்துச் சொல்வது, பிணத்தை நேரில் ஆராய்ந்த கைகள் எழுதிய குறிப்பு என்பதை உணர்த்துகிறது. தேமல் முதல் அடுக்கிலும், மச்சம், மங்கு போன்றவை இரண்டாம் அடுக்கிலும், வெண்புள்ளி நான்காம் அடுக்கிலும் தோன்றுவதாகச் சொல்லப்பட்டுள்ளது. மற்றொரு மூல நூலான சரக சங்கிதை ஆறு அடுக்குகளையே எண்ணுகிறது. இரு மரபுகளின் கணக்கும் வேறு என்பதால் அவற்றை ஒன்றாக்கிக் காட்ட முயல வேண்டியதில்லை.

உடலை இயக்குவதாக ஆயுர்வேதம் சொல்லும் வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்று தோஷங்களுக்கும் தோலில் இடம் உண்டு. தொடு உணர்வில் வாதமே மிகுந்திருக்கிறது, அந்த உணர்வு தோலைப் பற்றியிருக்கிறது, ஆகவே எண்ணெய் தேய்ப்பது தோலுக்கு மிக உகந்தது என்று சரகர் காரணத்தோடு சொல்கிறார். தோலில் தங்கியிருக்கும் பித்தத்துக்குப் பிராஜக பித்தம் என்று பெயர். மேனியின் ஒளியைக் காட்டுவதும், மேலே பூசும் தைலத்தையும், மூலிகைப் பூச்சான லேபத்தையும் செரித்து உள்வாங்குவதும் அதன் வேலை. தோலின் வழுவழுப்பும் ஈரப்பசையும் கபத்தைச் சார்ந்தவை. எனவே எந்த மனிதரின் தோலிலும் மூன்றின் சாயலும் இருந்தே தீரும். எது ஓங்கி நிற்கிறது என்பதே கேள்வி. தனித்தனியாக மூன்று, இரண்டிரண்டாகச் சேர்ந்தவை மூன்று, மூன்றும் சமமாக இருப்பது ஒன்று என்று பிரகிருதி ஏழு வகைப்படும். நடைமுறையில் நம்மில் பெரும்பாலோர் இரண்டு தோஷங்கள் கலந்தவர்களே.

படி 1: நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தல்

எண்ணெய், கிரீம், பவுடர், மஞ்சள் எதுவும் பூசாத ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல்நாள் சோப்பையும் தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது. காலையில் குளித்து இரண்டு மணி நேரம் கழித்து, வெயிலில் அலையாமல், குளிர்சாதன அறையிலும் உட்காராமல் இருக்கும்போது இயற்கை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

முகத்தை முதலில் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. நம்பத்தக்க சாட்சிகளில் அது கடைசியில் நிற்கிறது. வெயில், புகை, முகப்பூச்சு, ஹார்மோன் மாற்றம் அனைத்தையும் முதலில் வாங்கிக்கொள்வது முகமே. வெயில் படாத இடங்களான மேற்கையின் உட்புறம், வயிறு, முதுகின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில்தான் பிறவித் தன்மை அதிகம் மிஞ்சியிருக்கும். அதன்பின் முழங்காலுக்குக் கீழே முன்கால், குதிகால், உள்ளங்கை, உச்சந்தலை, நகம் என்று செல்லலாம். முகத்தைக் கடைசியாகப் பார்த்து, முன்பு குறித்தவற்றோடு ஒப்பிட வேண்டும். வயிற்றுத் தோல் மென்மையாகவும் ஈரப்பசையோடும் இருக்க, முகம் மட்டும் வறண்டு உரிந்தால், அது பிரகிருதியின் வறட்சி அன்று; முகத்துக்கு நாம் செய்ததன் விளைவு.

படி 2: நிறத்தைக் கணக்கிலிருந்து நீக்குதல்

இந்தப் படியைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. பித்தப் பிரகிருதியினர் வெண்ணிறத்தவர் என்ற ஒரு குறிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மாநிறத்தாரையும் கருநிறத்தாரையும் வாதக்காரர்கள் என்று முத்திரை குத்துவது பல பட்டியல்களில் காணப்படுகிறது. மூல நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. கருமை, சியாமம் (மாநிறம்), சியாமம் கலந்த வெண்மை, வெண்மை ஆகிய நான்குமே உடலின் இயல்பான நிறங்கள் என்று சரக சங்கிதையின் இந்திரிய ஸ்தானம் தெளிவாகக் கூறுகிறது. நீலம் பாய்தல், பச்சை படர்தல், திடீரென்று வெளுத்தல் போன்ற புதிய மாற்றங்களையே அது கெட்ட குறிகளாகக் கொள்கிறது. கபப் பிரகிருதியாரின் மேனிக்கு உவமை சொல்லும் மூன்றாவது மூல நூலான அஷ்டாங்க ஹிருதயம், பொன்னையும் தாமரையையும் சொல்லும் அதே வரியில் அறுகம்புல்லையும் இரும்பாயுதத்தையும் சேர்த்தே சொல்கிறது.

ஆகவே, கறுத்த மேனியருக்குப் பித்தம் இருக்காது என்பது பிழை. அவர்களிடம் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் வேறு அடையாளங்களைத் தேட வேண்டும் என்பதே சரி. நிறத்தை மாற்றுவதாகச் சொல்லும் எதையும் பிரகிருதிக்கு ஏற்ற பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளடக்கம் அச்சிடப்படாமல் விற்கும் சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதும், அது சிறுநீரகத்தைத் தாக்குவதும் மருத்துவ உலகம் பலமுறை எச்சரித்த செய்தி.

படி 3: மூன்று தோஷங்களின் அடையாளங்களைக் கண்டு குறித்தல்

பார்த்தல், தொடுதல், வினவுதல் என்னும் மூன்று வழிகளே ஆயுர்வேதப் பரிசோதனைக்கு அடிப்படை. தோஷத்தின் குணம் எதுவோ அது உடலில் எப்படிப் புலப்படுகிறது என்று ஒன்றுக்கு ஒன்றாக இணைத்துக் காட்டுவது சரக சங்கிதையின் விமான ஸ்தானம், 8ஆம் அத்தியாயம். மனப்பாடப் பட்டியலைவிட இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொள்வது எளிது.

வாதம் வறண்டது, குளிர்ந்தது, சொரசொரப்பானது, ஈரத்தை விலக்குவது. வறட்சியால் உடல் மெலிந்தும் தோல் உலர்ந்தும் இருக்கும். குளிர்ச்சியால் கை கால்கள் எளிதில் சில்லிட்டுப்போகும். மார்கழிக் காலையில் முதலில் போர்வை தேடுபவர் இவரே. சொரசொரப்பு தோலோடு நிற்பதில்லை. தலைமுடி, நகம், பல், உள்ளங்கை, பாதம் எல்லாவற்றிலும் இருக்கும். ஈரமின்மையால் தோல் வெடிக்கும், மூட்டுகள் நடக்கும்போது ஒலிக்கும். வழக்கில் பித்தவெடிப்பு எனப்படும் குதிகால் வெடிப்பையும் சுசுருதர் வாதத்தின் பக்கமே வைக்கிறார். அதிகம் நடப்பவர்களின் வறண்ட பாதத்தில் வாதம் அதை உண்டாக்குகிறது என்பது அவர் கூற்று. தொட்டுப் பார்க்கும்போது வாதத் தோல் மெல்லியதாக, அடியில் நரம்புகள் புடைத்துத் தெரிவதாக, குளிர்ந்ததாக இருக்கும். கருநிற மேனியில் முன்காலில் சாம்பல் பூத்தது போன்ற தோற்றம் காணப்படும். எண்ணெய் தேய்த்தால் சிறிது நேரத்திலேயே தேய்த்த சுவடு தெரியாமல் இழுத்துக்கொள்ளும்.

பித்தம் வெப்பமானது, கூர்மையானது, நீர்த்தது, ஒருவகை வாடை உடையது. வெப்பத்தால் வெயிலைப் பொறுக்க இயலாது; முகம் சூடாக இருக்கும்; மச்சங்கள், மங்கு, பருக்கள் மிகுந்திருக்கும்; இளமையிலேயே சுருக்கமும் நரையும் வழுக்கையும் வரும். நீர்த்த தன்மையால் வியர்வை அதிகம்; வாடையால் அக்குளிலும் தலையிலும் மணம் எளிதில் ஏறும். தோல் மென்மையாகவும் மிதமான எண்ணெய்ப் பசையோடும் இருக்கும். தொட்டால் சூடு தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால், நகக்கண், உதடு ஆகியவற்றில் செம்புநிறம் தெரியும் என்பதால், எந்த மேனி நிறத்தாரிடமும் பித்தத்தைத் தேட வேண்டிய இடங்கள் இவை. சித்திரை வெயிலில் வேனற்கட்டியும் வியர்க்குருவும் சிறுவயதிலிருந்தே ஆண்டுதோறும் வந்தனவா, கொசு கடித்த இடம் மற்றவர்களைவிட அதிகம் தடித்துச் சிவந்ததா, புதிய சோப்பு எதுவும் உடனே எரிச்சலைக் கிளப்பியதா என்று கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

கபத்தின் குணங்கள் நெய்ப்பு, வழுவழுப்பு, மென்மை, அடர்த்தி, கனம், குளிர்ச்சி, தெளிவு என்று நீள்கின்றன. இவ்வகைத் தோல் தடித்தது, இறுக்கமானது, வழுவழுப்பானது, குளிர்ந்தும் சற்றே ஈரமாகவும் இருப்பது. சுருக்கம் தாமதமாகவே விழும். தோலைக் கிள்ளிப் பார்த்தால் கையில் நிறைய அகப்படும். நரம்பு வெளியே தெரியாது. முடி அடர்ந்து கருத்திருக்கும். துளைகள் பெரிதாகத் தெரிவதும், கரும்புள்ளிகளும், எரிச்சலில்லாத கெட்டியான பருக்களும் இவர்களிடம் காணப்படலாம். இந்தத் தோலைக் குறையாகப் பேசுவது அண்மைக் காலத்துப் பழக்கம். மூல நூல்கள் இதைத்தான் சிறந்ததாகப் போற்றுகின்றன.

கலப்புப் பிரகிருதியில் அடையாளங்கள் இடத்துக்கு இடம் மாறும். வாத பித்தக்காரருக்குக் கால் வறண்டு வெடித்திருக்க, முகமோ தொட்டாற்சிணுங்கியாக எரிச்சல் காட்டும். பித்த கபக்காரருக்கு எண்ணெய்ப் பசையும் சூடும் சேர்ந்திருப்பதால் சீழ்கொண்ட பருக்கள் வரும். வாத கபக்காரரை அறிவது கடினம்; இரண்டும் குளிர்ந்தவை என்பதால் குளிரில் தோல் கெடுவதும் வெயில் காலத்தில் தேறுவதும் அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

படி 4: பிறவியில் இல்லாதவற்றைக் கழித்தல்

வழிகாட்டியின் நடுத்தூண் இதுவே. மேலே குறித்த ஒவ்வோர் அடையாளத்தின் அருகிலும் "இது எப்போதிலிருந்து?" என்று எழுத வேண்டும். பள்ளிப் பருவத்திலிருந்து இருப்பது, ஊரும் உணவும் மாறியபோதும் மாறாதது, பெற்றோரில் ஒருவரிடமோ உடன்பிறந்தாரிடமோ காணப்படுவது ஆகியவற்றைப் பிரகிருதிக்கு வைத்துக்கொள்ளலாம். கடந்த ஓரிரு ஆண்டுகளில் வந்தது அனைத்தும் விகிருதியே. சிறுவயதுத் தோலைப் பற்றி நம் நினைவைவிட அம்மாவின் நினைவு நம்பகமானது.

வயதை முதலில் கழிக்க வேண்டும். இளமையில் கபமும், நடுவயதில் பித்தமும், முதுமையில் வாதமும் இயல்பாகவே ஓங்கும். அறுபது வயதில் தோல் வறண்டவர் எல்லோரும் வாதப் பிரகிருதியினர் ஆகார். பதினாறு வயதில் பரு வந்த எல்லோரும் பித்தப் பிரகிருதியினரும் ஆகார்.

அடுத்தது பருவம். கோடையில் வாதம் சேர்ந்து மழைக்காலத்தில் சீறும். மழைக்காலத்தில் பித்தம் சேர்ந்து மழை ஓய்ந்தபின் சீறும். பனிக்காலத்தில் கபம் சேர்ந்து இளவேனிலில் உருகிச் சீறும் என்பது நூல்களின் கணக்கு. அந்தக் கணக்கு வட இந்தியாவின் பருவமழையை ஒட்டி எழுதப்பட்டது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. ஆகவே மாதப் பெயரைப் பார்க்காமல் வெப்பம், ஈரம், குளிர் ஆகிய நிலைகளைப் பார்ப்பதே பொருத்தம். சென்னையின் ஈரக்காற்றில் எண்ணெய் வழியும் முகத்தோடு பெங்களூருக்குக் குடிபெயர்ந்தவர், அங்கே உதடு வெடித்து நிற்பதைக் கண்டு தம் பிரகிருதியே மாறிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர், நாள் முழுதும் குளிர்சாதனம், அடிக்கடி சோப்பால் கை கழுவும் தொழில் ஆகியவையும் வாதத்தைப் போலவே நடிக்கும்.

மூன்றாவது, நோயும் மருந்தும். தைராய்டு சுரப்புக் குறைவும் நீரிழிவும் தோலை வறட்டும். கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுப் போலத் தடித்த கருமை படர்ந்தால், அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அதைத் தோஷக் கணக்கில் சேர்க்காமல் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு பருவை உண்டாக்கும், தோலை மெலியச் செய்யும். பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினாயின் உதட்டையும் தோலையும் கடுமையாக உலர்த்தும். கர்ப்பத்தாலும் கருத்தடை மாத்திரையாலும் முகத்தில் மங்கு படரலாம்.

கழித்துப் பார்த்தபின் தாளில் மிஞ்சுவது சிலவே என்றாலும், அவையே உண்மையில் உங்களுடையவை.

படி 5: தோலுக்கு வெளியே சாட்சி தேடுதல்

தோலை மட்டும் வைத்துப் பிரகிருதியை முடிவு செய்வது ஆயுர்வேதம் அன்று. மிஞ்சிய அடையாளங்கள் பசியோடும் உறக்கத்தோடும் ஒத்துப்போக வேண்டும். வாதக்காரரின் பசி ஒருநாள் போல் மறுநாள் இராது, வயிறு உப்பும், உறக்கம் மேலோட்டமாக இருக்கும். பித்தக்காரருக்குப் பசி வந்தால் பொறுக்காது, தாகம் அதிகம், மலம் இளகியிருக்கும். கபக்காரர் ஒருவேளை உணவைத் தவிர்த்தாலும் வாடமாட்டார், ஆழ்ந்து உறங்குவார், எடை எளிதில் கூடும். தோல் பித்தம் என்று சொல்ல, பசியும் உறக்கமும் சிறுவயதிலிருந்தே கபம் என்று சொன்னால், தோலில் தெரிவது பெரும்பாலும் விகிருதியாக இருக்கும். அந்த நிலையில் முடிவைத் தள்ளிவைத்து, வேறொரு பருவத்தில் மீண்டும் பார்ப்பது நல்லது.

இந்த வகைப்பாட்டுக்கு அறிவியல் அடிப்படை உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். டெல்லியிலுள்ள மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று தோஷங்களில் ஒன்று மிகத் தெளிவாக ஓங்கியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களின் இரத்த வேதியியலிலும் மரபணு வெளிப்பாட்டிலும் வேறுபாடுகள் இருப்பதைக் காட்டியது. அது சிந்திக்க வைக்கும் தொடக்கம். இன்ன பிரகிருதிக்கு இன்ன தைலம் பலிக்கும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டும் விளம்பரங்கள், ஆய்வு சொல்லாததைச் சொல்கின்றன.

படி 6: தோலின் சாரத்தை மதிப்பிடுதல்

பிரகிருதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சாரம், அதாவது உடலைக் கட்டும் திசுவான தாதுவின் தரம். நெய்ப்பு, வழுவழுப்பு, மென்மை, தெளிவு, நுண்மை, ஆழ வேரூன்றிய மெல்லிய சிறு ரோமங்கள், ஓர் ஒளி ஆகியவை உள்ள தோலைச் சரகர் த்வக்சாரம் என்கிறார். வாதப் பிரகிருதியாருக்கும் ஓரளவு நல்ல சாரம் இருக்க முடியும்; கபப் பிரகிருதியாருக்கும் சாரம் குன்றலாம். சாரம் நன்றாக இருப்பவர்கள் பராமரிப்பை எளிமையாக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் எதையாவது பூசிக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இல்லை.

படி 7: எண்ணெய், பொடி, முகப்பூச்சு

விகிருதி இருந்தால் முதலில் அதற்கே பராமரிப்பு. அது தணிந்தபின்பே பிரகிருதிக்கு. வாதக்காரருக்குப் பித்தம் சீறி முகம் எரியும் நேரத்தில் சூடான நல்லெண்ணெயைத் தேய்த்தால் எரிச்சல் கூடும்.

அன்றாடம் எண்ணெய் தேய்க்கச் சொல்லும் அஷ்டாங்க ஹிருதயம், தலை, காது, பாதம் ஆகிய மூன்று இடங்களையும் விடாமல் தேய்க்கச் சொல்கிறது. கபம் மிகுந்திருக்கும்போதும், அஜீரணத்தின்போதும், பேதி போன்ற சுத்திகரிப்பு முடிந்த கையோடும் கூடாது என்கிறது. அன்றாடம் இயலாதவர்கள் வாரம் இருமுறை தேய்த்து, பாதத்துக்கும் முன்காலுக்கும் மட்டும் தினமும் தடவலாம். வாதத்துக்கு நல்லெண்ணெய் அடிப்படை. வெதுவெதுப்பாக்கித் தேய்த்து அரைமணி நேரம் ஊறவிடுவது வழக்கம். கேரள மரபில் தன்வந்தரம் தைலம் இதற்குப் பயன்படுகிறது. பித்தத்துக்குத் தேங்காய் எண்ணெயும், அதில் காய்ச்சிய தைலங்களும் ஏற்றவை. அத்தி, இத்தி, ஆல், அரசு ஆகிய நான்கு மரப்பட்டைகளோடு மஞ்சள் சேர்த்துக் காய்ச்சும் நால்பாமராதி கேரள வீடுகளில் குழந்தைகளுக்கும் தேய்க்கப்படுகிறது. கபத்துக்கு எண்ணெயைக் குறைத்துப் பொடியைக் கூட்ட வேண்டும். உலர்ந்த பொடியை அழுத்தித் தேய்ப்பது கபத்தை நீக்கும், கொழுப்பை இளக்கும், உறுப்புகளை உறுதியாக்கும், தோலைத் தெளிவாக்கும் என்பது நூலின் கூற்று. கடுகெண்ணெய் கபத்துக்குச் சொல்லப்பட்டாலும், கரப்பான் உள்ளவர்களும் குழந்தைகளும் அதைத் தவிர்ப்பது நல்லது. அது தோலின் மேலடுக்கை எரிச்சலூட்டும்.

குளிக்கும் நீரிலும் ஒரு விதி உண்டு: கழுத்துக்குக் கீழே வெந்நீர் வலிமை தரும், அதே வெந்நீர் தலையில் பட்டால் முடிக்கும் கண்ணுக்கும் வலிமை குறையும். வாதக்காரர் வெந்நீரை நாடுவார் என்பதால், தலைக்கு மட்டும் ஆறிய நீரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நலங்குமாவு தமிழ் வீடுகளில் சோப்புக்கு மாற்று. பயற்றம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவை அதில் சேரும். வாதத் தோலுக்கு இதை நீரில் குழைத்தால் மேலும் வறட்டும். பாலிலோ பாலாடையிலோ குழைக்க வேண்டும். பித்தத்துக்குப் பன்னீர் போதும். கபத்துக்கு நீரிலோ உலர்ந்த நிலையிலோ தேய்க்கலாம். ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: கடைகளில் கிடைக்கும் சில கலவைகளில் கார்போக அரிசி சேர்க்கப்பட்டிருக்கும். அதிலுள்ள சோரலென் தோலை வெயிலுக்கு மிகுந்த கூச்சமுள்ளதாக ஆக்கும். வெண்புள்ளிக்கு அது மருந்தாவதும் இந்தத் தன்மையால்தான். தேய்த்துக்கொண்டு வெயிலில் சென்றால் கருமையோ கொப்புளமோ வரக்கூடும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பித்தக்காரர்கள் இரண்டையும் அறவே விலக்கலாம்.

முகலேபத்தைப் பற்றி அஷ்டாங்க ஹிருதயம் சொல்வது இன்றைய பழக்கத்துக்கு நேர் எதிரானது. தோஷத்தைத் தணிக்க, நஞ்சை முறிக்க, மேனி தெளிய என்று மூன்று வகை லேபம். அவற்றின் கனம் விரற்கடையில் கால், மூன்றில் ஒன்று, அரை. வாதத்துக்கும் கபத்துக்கும் வெதுவெதுப்பாகப் பூச வேண்டும், மற்றவற்றுக்கு நன்கு குளிர்ச்சியாக. லேபம் ஈரமாக இருக்கும் வரைதான் முகத்தில் இருக்கலாம். உலர்ந்துவிட்டால் அது மேனியைக் கெடுக்கும். எடுக்கும்போது நீர் தெளித்து நனைத்தே எடுக்க வேண்டும். எடுத்தபின் எண்ணெய் தடவ வேண்டும். பூசியிருக்கும்போது பேசக் கூடாது, பகலில் உறங்கக் கூடாது, நெருப்பின் அருகிலும் வெயிலிலும் இருக்கக் கூடாது, கோபமும் துக்கமும் கூடாது. சளி பிடித்தவர்களுக்கும், அஜீரணம் உள்ளவர்களுக்கும், இரவு விழித்தவர்களுக்கும் முகலேபமே கூடாது. முல்தானி மண்ணை வெடித்து உதிரும் வரை காயவிட்டு இழுத்து உரிப்பவர்கள், அதிலும் வாதத் தோல் உள்ளவர்கள், இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பெரிய வேறுபாட்டைக் காண்பார்கள். பருவத்துக்கு ஒன்றாக ஆறு லேபங்களும் அங்கே கூறப்பட்டுள்ளன. கோடைக்குரியது ஆம்பல், நீலோற்பலம், செங்கழுநீர், அறுகு, அதிமதுரம், சந்தனம். பித்தக்காரருக்கு இதில் அதிமதுரமும் சந்தனமும் மட்டும் கிடைத்தாலும் போதுமானது.

எதைத் தொடங்கினாலும் முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் ஏழு நாள்கள் தொடர்ந்து தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூலிகை என்பதால் ஒவ்வாமை வராது என்று எண்ணுவது தவறு. ஒரே நேரத்தில் இரண்டு புதியவற்றைத் தொடங்கினால் எது ஒத்துக்கொண்டது, எது கெடுத்தது என்று அறிய வழியிருக்காது.

படி 8: உணவும் பழக்கமும்

இதில் விரித்துச் சொல்ல அதிகமில்லை. வாதத் தோலுக்கு நெய் சேர்த்த சூடான உணவு, நேரம் தவறாத சாப்பாடு. பித்தத்துக்கு மிளகாய், புளி, ஊறுகாய், மது ஆகியவற்றில் கட்டுப்பாடு, நெல்லிக்காய், மோர், பாகற்காய் போன்ற துவர்ப்பும் கசப்பும் உள்ளவற்றைப் பழகுதல் (மோர் புளித்தால் பித்தத்துக்கு ஆகாது). கபத்துக்குத் தயிர், இனிப்பு, பகல் உறக்கம் மூன்றையும் குறைத்தல். பாலோடு மீன் சேர்ப்பது போன்ற முரணான உணவுகளையும், வரும் வாந்தியை அடக்குவதையும் தோல் நோய்களுக்குக் காரணங்களாகச் சரகர் எண்ணுகிறார்.

வீட்டு முறைகளை நிறுத்த வேண்டிய இடம்

தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த படை தெரிந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் அதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது, காலம் தாழ்த்துவதுதான் ஆபத்து. மச்சம் வளர்ந்தாலோ, ஓரம் ஒழுங்கற்றுப்போனாலோ, நிறம் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ, உள்ளங்காலில் புதிய கரும்புள்ளி பெரிதாகிக்கொண்டே போனாலோ உடனே தோல் மருத்துவரைக் காண வேண்டும். காய்ச்சலோடு சேர்ந்த தடிப்பு, மருந்து உட்கொண்டபின் தோலோ வாயோ கொப்புளித்தல், உடல் முழுதும் செதில் உதிர்தல், ஒரு பக்கமாக அக்கி எழும்பி கண்ணருகில் வருதல் ஆகியவற்றுக்கு எந்தப் பிரகிருதிக் கணக்கும் உதவாது. நீரிழிவு உள்ளவர்கள் குதிகால் வெடிப்பையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

பிரகிருதியை முறையாகக் கணித்துக்கொள்ள விரும்புவோர் பி.ஏ.எம்.எஸ். என்னும் ஆயுர்வேத மருத்துவப் பட்டம் பெற்ற பதிவு மருத்துவரிடம் செல்லலாம். தமிழ்நாட்டில் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி உள்ளது. வளி, அழல், ஐயம் என்று இதே மூன்றைக் கொண்டு யாக்கையை வகுக்கும் சித்த மருத்துவத்தை நாடுவோருக்கு மாவட்ட அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. செல்லும் நாளில் முகத்திலோ உடம்பிலோ எதையும் பூச வேண்டாம். நகப்பூச்சையும் மருதாணியையும் தவிர்க்க வேண்டும். படி 4இல் எழுதிய தாளையும், தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும், அண்மைய இரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளுக்குத் தரப்படும் மருந்தில் உலோகப் பற்பங்கள் (உலோகத்தைப் புடமிட்டுச் செய்த பொடிகள்) உள்ளனவா என்று கேட்டு, இருந்தால் எத்தனை நாள்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை. கர்ப்பிணிகளும் சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்களும் அதைக் கேட்காமல் மருந்துச் சீட்டோடு எழுந்து வரக் கூடாது.